செருப்பு, இடது, ஒன்று

மார்ச் 4, செவ்வாய்
காலை 10.40

அக்கா,

கிடங்கில் உள்ள டிரம்கள்: 60. எடை போட்டவை: 60. உன் பதிவேட்டில் உள்ள எடையோடு ஒத்துப்போனவை: 0.

இதைச் சொல்லத்தான் மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் கட் செய்துவிட்டாய். அம்மாவிடம் சொன்னால், "லெட்டர் போடு, படிச்சாலும் படிப்பா" என்கிறாள். போடுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். நலமா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வகத்தைப் புதுப்பிக்க அனுமதி வந்துவிட்டது. நாற்பது வருஷக் கட்டிடம், நாற்பது வருஷக் கதிரியக்கப் பொருள்கள். புகை உறிஞ்சும் கூண்டுகள் பதினொன்றையும் கழற்றிவிட்டோம். தரை விரிப்பை உரித்து, அடியில் ஓடும் பழைய வடிகால் குழாயை ஒரு சாண் அறுப்பது, மீட்டர் வைத்துப் பார்ப்பது, அடுத்த சாண் அறுப்பது என்று போகிறோம். சுவரில் சுரண்டிய பெயிண்ட் பொடிக்குக்கூடப் பை, சீட்டு, கையெழுத்து. எல்லாம் நடக்கிறது. நடக்காமல் நிற்பது பின்பக்கக் கழிவுக் கிடங்கு ஒன்றுதான். நிரந்தரச் சேமிப்பகத்துக்காரர்கள் எண், எடை, உள்ளே இருப்பது மூன்றும் பொருந்தாத டிரம்மை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

பழையதைக் கிளறுகிறான் என்று நினைக்காதே. கிளறித்தான் ஆக வேண்டும். கதிர்வீசும் அந்த சீசியம் ஊசியை ஈயக் குடுவையில் போட்டு, குடுவையைச் சிமெண்டுக்குள் புதைத்து, 23-ஆம் டிரம்மில் மூடியதாக நீ எழுதியிருக்கிறாய். ஒன்பது வருஷத்துக்கு முன் தணிக்கையில் 23-ஐத் திறந்தார்கள். ஊசி மட்டுமல்ல, சிமெண்டே இல்லை. "செய்யாததைச் செய்ததாக எழுதியவர்" என்று உன் பணிப் பதிவில் ஒரு வரி ஏறியது. நீ வேலையை விட்டுப் போனாய். இப்போது பார்த்தால் 23 மட்டுமில்லை, அறுபதுமே தப்பு. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஒன்றிரண்டு சரியாக வருமே அக்கா?

அந்த டிரம்கள் எனக்குப் புதிதல்ல. அந்த வருஷ விடுமுறையில் என்னைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டதே நீதான். துருவைச் சுரண்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, எண் போட்டது நான். இன்றைக்கும் ஓர் எண்கூட மங்கவில்லை. அந்த வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.

ஏப்ரல் 30-க்குள் இந்தக் குழப்பம் தீரவில்லை என்றால் கிடங்குக்குள் கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவதாக முடிவு. மூடினால் ஊசி எங்கே என்பதும் உள்ளே போய்விடும். உன் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த வரி மட்டும் வெளியே நிற்கும். ஆகவே உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறதோ எழுது. சீக்கிரம்.

தம்பி

•

மார்ச் 12

தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று உன் கோபத்திலிருந்து தெரிகிறது.

போனை எடுக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முடியாது. நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அதை நானே முடித்துக்கொள்ளலாம். அந்தச் சுகத்தை விட எனக்கு மனசில்லை.

நீ விசாரிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தச் சலவை ஆலையில் நான் இப்போது மேற்பார்வையாளர். மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி வருகிறது. நேற்று படுக்கை விரிப்பு 1,140 வந்தது, 1,140 போனது. இங்கே யாரும் என்னைப் பார்த்து நீ எண்ணினாயா, எண்ணியதாக எழுதினாயா என்று கேட்பதில்லை.

விசாரணை நடந்தபோது ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நீ கேட்டாய். உனக்கு மறந்திருக்கும். "எழுதினது நீ, கையெழுத்துப் போட்டது நீ. அப்புறம் என்ன, ஊசிக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?" அம்மா சிரித்துவிட்டாள். பாவம், அவள் எதைக் கேட்டாலும் சிரிப்பாள். நான் எழுந்து போய்க் கை கழுவினேன். விசாரணைக் குழுவில் ஐந்து பேர் கேட்டபோது எனக்கு வலிக்கவில்லை. அவர்கள் என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் இல்லை. நாலு வருஷம் கழித்து நீ அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததாக அம்மா சொன்னாள். சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். ஆனால் அந்த "அறுபதில் பூஜ்ஜியம்" கையைப் பிடித்துக்கொண்டது. டேய், அவ்வளவு சுத்தமாகத் தப்புப் பண்ண எனக்குத் திறமை போதாது. இங்கே புதிதாக வந்த ஒரு பெண் விரிப்பையும் தலையணை உறையையும் கலந்து எண்ணுகிறாள். அவளுக்கே பத்தில் இரண்டு கட்டு சரியாக வந்துவிடுகிறது. அறுபதும் தப்பு என்றால் அது கவனக்குறைவு இல்லை. அதில் ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது. படித்தவன் நீ, உனக்கு அது தோன்றவில்லையா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். 23 என்று ஒரு டிரம்மைத் திறந்தார்களே, அதில் இருந்தது என்ன? "சிமெண்ட் இல்லை, ஊசி இல்லை" என்று இல்லாததை மட்டும்தான் எனக்குச் சொன்னார்கள். இருந்ததை ஒன்பது வருஷமாக யாரும் சொல்லவில்லை. என்னைக் கிடங்கு வாசலுக்கே விடவில்லை.

அக்கா

•

மார்ச் 17, திங்கள்
மதியம் 1.05

அக்கா,

கடிதம் வர ஐந்து நாள். இப்படி எழுதிக்கொண்டிருந்தால் கான்கிரீட் லாரி வந்துவிடும்.

விசாரணைக் கோப்பைக் கேட்டதற்கு மீட்டர் ஒரு பார்வை பார்த்தார். (கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி. அளக்கும் கருவியைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிடப் போவாரே, அதே ஆள்தான்.)

"எதுக்கு இப்போ அந்தக் கோப்பு?"

"அக்கா கேக்கறா சார்."

"அக்காவா? லெட்டர் போட்டாங்களா? உனக்கா?" மூன்று கேள்வி. அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு அவரே போய்க் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்பா, இன்னும் நாலைத் திறந்து பாருங்கன்னு. ஒண்ணைத் திறந்தா அதுவே இன்னும் ரெண்டு டிரம் கழிவாகும், ஆளுக்குக் கதிர் டோஸ் ஏறும்னு வாயடைச்சுட்டாங்க" என்றார்.

வெளியிலிருந்து அளந்து கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்டேன். ஈயமும் சிமெண்டும் சேர்ந்தால் ஊசி இருக்கும் டிரம்மும் கையுறை இருக்கும் டிரம்மும் ஒரே மாதிரிதான் முனகும் என்றார். டிரம் நிரம்பியபோது ஆய்வகத்தில் எடை போட்டதோடு சரி, அப்போது கிடங்கில் எடை மேடையும் இல்லை. இப்போது நான்தான் சண்டை போட்டு ஒன்று வாங்கினேன்.

நீ கேட்ட பட்டியல், 23-ஐத் திறந்தபோது இருந்தவை: ரப்பர் கையுறை 31 ஜோடி. உடைந்த கண்ணாடிக் குடுவை 2. துடைப்புத் தாள் ஒரு மூட்டை. பிளாஸ்டிக் தட்டு 4. பெண்கள் செருப்பு 1. அவ்வளவுதான். பார்த்துவிட்டு அப்படியே திரும்ப மூடி அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். நம் கிடங்கில் பாதி டிரம்மில் இந்தக் குப்பைதான். இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

ஒழுங்கு இருக்கிறது என்கிறாய். நானும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன், கழித்துப் பார்த்தேன், எடை குறைந்திருக்கலாம் என்று சதவீதம் போட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்காததால் அது இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாள் இல்லை. இன்னும் 44 நாள்.

மேசையில் நான் சொன்னது மறக்கவில்லை. அதைப் பற்றி இப்போது எழுதத் தெரியவில்லை.

தம்பி

•

மார்ச் 24

தம்பிக்கு,

அந்தச் செருப்பு என்னுடையது.

எங்கள் காலத்தில் தனிக் காலணி கொடுக்கமாட்டார்கள், துணி உறை மட்டும்தான். சிவப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே போன பொருள் எதிலாவது கதிர்ப்பொருள் பட்டுவிட்டால் அது வீட்டுக்குத் திரும்பாது. அது பேனாவானாலும் சரி, கல்யாண மோதிரமானாலும் சரி. ஒருநாள் ஒரு சொட்டு சிந்தியது. ஒரே சொட்டு. உறை கிழிந்திருந்ததை நான் பார்க்கவில்லை. வெளியே வரும்போது மீட்டர் என் காலடியில் கருவியை நீட்டினார். அப்போது அவருக்குத் தலையில் முடி இருந்தது.

"செருப்பைக் கழட்டுங்கம்மா."

"ரெண்டுமா?"

"இடது மட்டும்தான் சத்தம் போடுது. வலது நல்ல பிள்ளை."

வாங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினேன். கண்டக்டர் காலைப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு அடுத்த பஸ்ல வருதா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்தால் நீ ஒரு வாரம் நொண்டி அடித்துக் காட்டினாய். மறந்தாயா?

அன்றைக்கு நிரம்பிக்கொண்டிருந்த டிரம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கையால் எழுதினேன். பதிவேட்டை எடு, 38-ஆம் எண்ணைப் பார். கடைசி வரி: "செருப்பு, இடது, ஒன்று." எழுதும்போது வயிற்றெரிச்சலாக இருந்தது. அதனால்தான் ஞாபகம் இருக்கிறது.

38-இல் போட்ட செருப்பு 23-இல் இருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். துரு சுரண்டுவதற்கு முன், எந்த டிரம் எங்கே நிற்கிறது என்று ஒரு தரைப் படம் போட்டேன். ஐந்து வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. பெயிண்ட் வேலைக்குப் பிறகு எண்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் திரும்பப் போடப்பட்டன. படத்தை நான் விசிறிக் கதவுப் பக்கம் நின்று வரைந்தேன். எதிர்ப்பக்கம் வண்டிக் கதவருகே அப்போது விளக்கு எரியாது. பதிவேட்டின் பின் அட்டையில் ஒட்டியிருப்பேன். போய்ப் பார்.

மீதியை நீ பார்த்துக்கொள்.

அக்கா

•

மார்ச் 29

அக்கா,

60-க்கு 60.

23-உம் 38-உம் கூட்டினால் 61. 1-க்கு எதிரே 60. 2-க்கு எதிரே 59. டிரம்மில் இருக்கும் எண்ணை 61-இலிருந்து கழித்தால் உன் பதிவேட்டின் எண் வருகிறது. அப்படிப் பார்த்தால் அறுபது எடையும் பொருந்துகிறது. எதிலும் இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசமில்லை. நீ எழுதியது எல்லாம் சரி. ஊசி இருக்க வேண்டியது இப்போது 38 என்று எண் போட்டு நிற்கும் டிரம்மில்.

அறிக்கை தயார் செய்துவிட்டேன். முக்கியமான வரியை இங்கே எழுதுகிறேன்: "வண்ணப்பூச்சுப் பணியின்போது டிரம்களின் எண்கள் இடம் மாறியுள்ளமை தற்போது கண்டறியப்பட்டுள்ளது. பதிவேட்டில் பிழை இல்லை." இது போதும் என்று நினைக்கிறேன். உன் பெயர் சுத்தமாகிவிடும்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

தம்பி

•

ஏப்ரல் 5

தம்பிக்கு,

கடிதத்தில் நேரம் போட மறந்திருக்கிறாய். நீ நேரம் எழுதாமல் எனக்கு ஒரு சீட்டுகூட வந்ததில்லை. பள்ளிக்கூட நாளில் "மாலை 4.10, அக்கா, என் பேனாவை எடுக்காதே" என்று எழுதி வைப்பாய்.

உன் வரியை நாலு தடவை படித்தேன். எண்கள் இடம் மாறினவாம். எப்படி மாறின? டிரம்முக்குக் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?

61-ஐக் கழிக்க எனக்கும் தெரியும். செருப்பு என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. நான் எழுதிவிடலாம். எழுதமாட்டேன்.

அம்மா போன் செய்தாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம். சாப்பிடு.

அக்கா

•

ஏப்ரல் 16, புதன்
காலை 7.30

அக்கா,

நான்தான்.

வரிசையாக எழுதுகிறேன். நீ எனக்குச் சொன்னது இது: "ஒரு டிரம்மைச் சுரண்டு, பெயிண்ட் அடி, காய்ஞ்சதும் எண்ணைப் போடு. அப்புறம்தான் அடுத்ததுல கை வைக்கணும்." முதல் நாள் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினான்கு நாள் ஆகும். அறுபதையும் ஒரே மூச்சில் சுரண்டி, அறுபதுக்கும் பெயிண்ட் அடித்து, கடைசியில் அறுபதுக்கும் எண் போட்டால் ஒன்பது நாளில் முடியும். நண்பர்கள் ஊர் சுற்றப் போகிறார்கள், நானும் போக வேண்டும். சுரண்டிவிட்டேன். பழைய எண் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அறுபதும் மஞ்சளாக நின்றன. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எண் போடும் நாளில் பெயிண்ட் டப்பா வண்டிக் கதவுப் பக்கம் இருந்தது. விளக்கும் போட்டுவிட்டார்கள். அந்தக் கதவு வழியாக உள்ளே போய், உன் படத்தைக் கையில் பிடித்து, இடது மூலையில் முதல் டிரம்மில் 1 என்று போட்டேன். நீ நின்று வரைந்த பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். உன் 60 மேல் என் 1. முக்கால் மணி நேரத்தில் அறுபதும் முடிந்தன. உனக்கு ஒரு கதவு, எனக்கு ஒரு கதவு. நடுவில் ஒன்பது வருஷம்.

ஊசிக்குக் கால் முளைக்கவில்லை. டிரம்முக்கும் முளைக்கவில்லை.

மார்ச் 29 அன்று படத்தை எடுத்துக்கொண்டு முதலில் விசிறிக் கதவில் நின்றேன், அப்புறம் வண்டிக் கதவில் போய் நின்றேன். அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்த அறிக்கை வரியை எழுதினேன். அதாவது தெரிந்தே எழுதினேன். யார் என்று இல்லாமல் எழுதினால் உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று கணக்குப் போட்டேன். இன்னொன்றும் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் 30-ஆம் தேதி கான்கிரீட் எல்லாவற்றையும் மூடிவிடும் என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். உன் கடிதம் வந்த பிறகு மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நேற்று ஆய்வக டைரக்டர் அறைக்குப் போனேன். மீட்டரும் இருந்தார். சொன்னேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"வேற யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"அக்காவுக்குத் தெரியும் மேடம். ஆனா சொல்லமாட்டா."

"அப்ப நீங்களா வந்து சொல்றீங்க."

"நான்தானே மேடம் பண்ணேன்."

மீட்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஏணி பிடிச்சது நான் மேடம்" என்றார். ஏணியே கிடையாது. டிரம் என் இடுப்பு உயரம்தான்.

டிரம் பதிவுப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை உண்டு. புதுப்பிப்பு வேலையில் தொடரலாம், ஆனால் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. 24-ஆம் தேதி அந்த 38-ஐ அறுத்துத் திறக்கிறார்கள். நான் ஆளோடு ஆளாக நின்று சிமெண்ட் துண்டு பொறுக்கலாம்.

மன்னிப்பு சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. மன்னித்துவிடு. முடியாவிட்டாலும் அறிக்கை அறிக்கைதான். அதில் இப்போது என் பெயர் இருக்கிறது.

தம்பி

•

ஏப்ரல் 20

அவசரக்குடுக்கைக்கு,

உன் விரைவுத் தபால் இரண்டே நாளில் வந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். வாய்விட்டு. கொதிகலன் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரி விரிப்புகள்தான்.

ஐந்து நாள் மிச்சம் பிடித்தாய். அந்த ஐந்து நாள் எனக்கு என்ன ஆனது தெரியுமா? ஏழு இடத்தில் வேலை கேட்டேன். ஏழு இடத்திலும் பழைய பணிப் பதிவைக் கேட்டார்கள். அந்த வரியை அவர்கள் படிக்கும்போது அவர்களுடைய கண் எங்கே நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். இந்த ஆலைக்காரர் கேட்கவில்லை, அதனால் வந்தேன். சில நாள் எனக்கே சந்தேகம் வரும். சிமெண்ட் கலந்தேன், ஊற்றினேன், கை வலித்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இருந்தும், ஒருவேளை செய்யவில்லையோ? மனுஷிக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

இதைச் சொல்லிவிட்டேன். இனி என் பங்கு.

எண் போட்ட பிறகு ஒரு தாள் உண்டு. "எண்கள் தரைப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன." அதன் கீழே என் கையெழுத்து. கோப்பில் தேடு, இருக்கும். நான் கிடங்குக்குள் போகவே இல்லை. மேசையில் உட்கார்ந்தபடி, "முடிச்சாச்சா?" என்றேன். "முடிச்சாச்சுக்கா" என்றாய். அதுதான் சரிபார்ப்பு. வேறு யாராவது செய்திருந்தால் படத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரையாவது போயிருப்பேன். என் தம்பி செய்தது, சரியாகத்தான் இருக்கும் என்று போட்டுவிட்டேன். படத்தில் எந்தப் பக்கம் எந்தக் கதவு என்று ஓர் அம்புக்குறி போடாததும் நான்தான். இதை ஐந்து பேர் முன்னால் சொல்லத் தோன்றவில்லை. இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஆகவே உன் டைரக்டரிடம் இதைக் கொடு. என் பதிவில் "கவனக்குறைவு" என்று எழுதட்டும், ஒத்துக்கொள்கிறேன். "செய்யாததைச் செய்ததாக எழுதியவர்" என்பதை அடிக்கட்டும். சும்மா சுத்தப்படுத்த வேண்டாம். சரியாக எழுதினால் போதும்.

மீட்டரிடம் ஏணி விஷயம் கேட்டேன் என்று சொல். பொய் சொல்லவும் ஒரு லட்சணம் வேண்டும்.

24-ஆம் தேதி அதில் ஊசி இல்லை என்றால் எனக்கு எழுதாதே. நேரில் வந்து சொல். இருந்தால் எழுது.

அக்கா

•

ஏப்ரல் 24, வியாழன்
பிற்பகல் 3.15

அக்கா,

ஊசி: 1.

எழுதுகிறேன் என்பதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

காலை 9 மணிக்குக் கிடங்குக்குள் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, காற்று உறிஞ்சும் குழாயை மாட்டினோம். ஆறு பேர், இரட்டைக் கையுறை, முகமூடி. டிரம்மின் தகரத்தை ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி உரித்தார்கள். உள்ளே சிமெண்ட். முழுத் தூண். மீட்டர் அதைக் கையால் தட்டிப் பார்த்தார். முகமூடிக்குள் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. 11.20-க்கு உளி ஈயத்தில் பட்டது. சத்தம் மாறியது. எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தோம், நான் மட்டும் அரை நொடி தாமதம். மீட்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

ஈயக் குடுவையின் மேல் ஒரு பட்டை ஒட்டியிருந்தது. அதில் உன் கையெழுத்து. தேதி, எண் 23, "ஊசி, சீசியம், ஒன்று". சிமெண்ட் ஈரத்தில் கொஞ்சம் ஊறியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. மீட்டர் கருவியை நீட்டினார். அது கத்தியது. ஒரு கருவி கத்தி நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

"உங்கக்கா எழுதினது எழுதினபடியே இருக்கு" என்றார் மீட்டர். இந்தத் தடவை முகமூடியைத் தாண்டி எல்லோருக்கும் கேட்டது. கேட்கத்தான் கத்தினார்.

உன் கடிதத்தை டைரக்டரிடம் கொடுத்தேன். சரிபார்ப்புத் தாளும் கோப்பில் இருந்தது, நீ சொன்ன இடத்தில். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "இப்படி ஒருத்தர் தனக்கு எதிரா ஆதாரம் அனுப்பி நான் பார்த்ததில்ல" என்றார். பழைய வரி ரத்து. புது வரி: "சரிபார்ப்பில் கவனக்குறைவு." உனக்கு நகல் தபாலில் வரும், நானும் ஒன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு ஓர் எச்சரிக்கை ஓலை, ஒரு வருஷம் கையெழுத்து உரிமை இல்லை. கம்மிதான்.

இன்னொன்று. கிடங்கு காலியானதும் புதுக் கழிவுப் பதிவுப் பிரிவு வருகிறது. சுவர் புதுசு, தரை புதுசு, இரண்டு கதவிலும் விளக்கு. "உங்க அக்கா வருவாங்களா?" என்று டைரக்டர் கேட்டார். "நான் கேக்கமாட்டேன் மேடம். நீங்க எழுதுங்க. அவங்க யோசிச்சு, வாக்கியத்தை முடிச்சு, பதில் போடுவாங்க" என்றேன். எழுதுவார். வருவதும் வராததும் உன் இஷ்டம். கான்கிரீட் லாரியை ரத்து செய்தாகிவிட்டது.

நான் இனி செய்யப் போவது:

1. நாளை காலை 9 மணிக்கு எண் மாற்றும் வேலை தொடங்கும். நான் சுரண்ட மட்டும். ஒரு டிரம்மைச் சுரண்டுவேன், பெயிண்ட் அடிப்பேன், காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எண் போடுபவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு. அப்புறம்தான் அடுத்தது. பதினான்கு நாள் ஆகும். ஆகட்டும்.

2. புதுத் தரைப் படத்தில் முதலில் அம்புக்குறி. அதன் பிறகே 1.

3. உன் இடது செருப்பைத் தர முடியாது. சிவப்புக் கோடு சிவப்புக் கோடுதான். ஆனால் அது சரியான எண்ணோடு நிரந்தரச் சேமிப்பகத்துக்குப் போகும்வரை அந்த டிரம் பின்னால் நான் நடந்து போவேன்.

4. இன்று அம்மாவிடம் சொல்வேன். அதே மேசையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து. அவள் சிரிக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன்.

5. ஞாயிறு 27, காலை 11.20 பஸ்ஸில் உன் ஊருக்கு வருகிறேன். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் எனக்கு முன்னால் வந்துவிடும். பையில் வலது செருப்பு இருக்கும். அம்மா இத்தனை வருஷம் எடுத்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்காதே, அவளுக்கும் தெரியவில்லை.

6. நீ பேசுவாய். நான் குறுக்கே பேசமாட்டேன்.